இரண்டு தட்டு

சபைக்கு வருவோருக்கும் வராதோருக்கும், பொதுவாக மனித குலம் முழுமைக்கும், மூப்பர் புதன்கிழமை கூட்டத்தில் அறிவித்த செய்தி இதுதான்: கண் திறக்காமல் கிடக்கும் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், வருகிற ஞாயிறு காலை ஒன்பதரை மணி ஆராதனைக்குத் தன் சொந்தக் கால்களால் நடந்து வந்து இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்காருவார். பெஞ்சின் வரிசை வரைக்கும் மேலிடத்திலிருந்து மூப்பருக்குத் தகவல் வந்திருந்தது. ஓட்டுநர் வாழ்நாள் முழுக்க வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்தவர் என்ற தகவல் மட்டும் ஏனோ வரவில்லை.

இப்போது சனிக்கிழமை, மதியம் இரண்டேகால். மகள் தம்ளர் தண்ணீரில் நனைத்த பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உதடு பஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. நேற்று வரை பிடித்துக்கொண்டது.

"இனி எங்களால் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. இரண்டு நாள் என்று கணித்த டாக்டர், ஐந்தாம் நாள் போனில், "இன்னுமா இருக்கார்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக மன்னிப்பும் கேட்டார். ஊசி போட வரும் நர்ஸ் மகளைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள்: "சில பேர் யாராவது போகச் சொன்னாத்தான் போவாங்க. நாங்க பாத்துக்கிறோம், போயிட்டு வாங்கன்னு காதுல சொல்லிப் பாருங்க. ரொம்ப வலிக்குதுங்க அவருக்கு."

மகள் அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. "நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியவர் சொன்னா அவர் போவார்."

மகளே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மூப்பர் தன் வாக்கோடு ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார். வீட்டில் ஒரே ஒருவர் சந்தேகப்பட்டாலும் சுகம் தடைபடும். மேலே இருப்பவர் செய்யத் தயார், கீழே இருப்பவர்கள் கெடுத்துவிடக் கூடாது. அந்த ஒரே ஒருவர் யார் என்பது மகளுக்குத் தெரியும். மூன்று நாட்களாக, அப்பா முனகும்போதெல்லாம், 'போதும்ப்பா' என்றுதான் அவள் மனசு சொன்னது. கண்ணாடிக் கடையில் மற்றவர்களுக்குப் பார்வை பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காத மாதிரி இருக்க அவளுக்கு வரவில்லை. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மா தன் பக்கம் திரும்பிப் பார்ப்பாளோ, அந்தப் பார்வையோடு மீதிக் காலத்தை ஓட்ட வேண்டியிருக்குமோ என்பதுதான் அவளுக்குப் பயம்.

செருப்புச் சத்தம் கேட்டது. மூப்பர் வந்துவிட்டார். அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற செய்தி அவர் குரலை இன்னும் எட்டவில்லை.

"எப்படி இருக்கார் சகோதரி?"

"அப்படியேதான் இருக்கார், ஐயா."

"அப்படியேன்னு சொல்லாதீங்க. அவிசுவாசமான வார்த்தை. தேறிட்டு வர்றார்னு சொல்லுங்க."

அம்மா கட்டிலைப் பார்த்தாள். "தேறிட்டு வர்றார்," என்றாள்.

"மச்சான் தேறுற வேகத்தைப் பாத்தா திங்கக்கிழமை டூட்டிக்கே வந்துருவான் போல," என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. விசில் மாமா. அப்பாவோடு இருபத்தேழு வருஷம் ஒரே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தினமும் காலையில் வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்து, சாயங்காலம் எழுந்து போவார்.

"இது கேலி பண்ற நேரமா?" என்றார் மூப்பர்.

"இல்லைங்க ஐயா. அழுறதுக்கு வெக்கமா இருக்கு, அதான்."

விசில் மாமாவிடம் விசில் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே தொலைத்துவிட்டார். இன்னொன்று கேட்டால் டிப்போவில் நாலு பேர் முன்னால் திட்டுவார்களே என்று பயந்து, பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் தட்டியே ஓய்வுபெறும் வரை சமாளித்தார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. அப்பாவுக்கு அந்தச் சத்தம் எலும்புக்குள் இறங்கியிருந்தது. வீட்டில் யாராவது இரும்பு பீரோவை இரண்டு முறை தட்டினால் போதும், தூக்கத்திலும் அவருடைய இடது கால் போர்வைக்கடியில் கிளட்ச்சை மிதிக்கும். மகள் சின்ன வயதில் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தாள்.

அப்பாவின் விசுவாசமும் அந்த பஸ்ஸிலிருந்தே வந்தது. மகள் எட்டாவது படிக்கும்போது ஒரு விபத்து. தப்பு எதிரே வந்த லாரியின் மேல். ஆனாலும் விசாரணை முடியும்வரை அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பதினாலு மாதம். அம்மா ராப்பகலாகத் தையல் மெஷினை மிதித்தாள். அப்பா காலையில் குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

"எப்பப்பா கூப்பிடுவாங்க?"

"தெரியாதும்மா. வண்டி ஸ்டாப்புல நிக்குது. எஞ்சினை அணைக்கல. தட்டு வந்ததும் எடுத்துருவேன்."

"வராட்டி?"

"பின்னாடி என்ன நடக்குதுன்னு டிரைவருக்குத் தெரியாதுடா. யார் ஏறுறா, யார் இறங்குறா, யாரோட கால் இன்னும் படியில இருக்கு, எதுவும் தெரியாது. கண்ணாடியில பாதிதான் தெரியும். முழுசாப் பாக்கிறதுக்குன்னு ஒருத்தர் இருக்கார். நாம அவசரப்பட்டு எடுத்தா யாராவது விழுந்துருவாங்க. நிக்க வேண்டியதுதான்."

இதை அவர் ஒருமுறை சபையில் சாட்சியாகவும் சொன்னார். சர்வ வல்லவரை விசில் மாமாவோடு ஒப்பிட்டது தகாது என்று மூப்பர் அப்போதே கண்டித்தார். விசில் மாமாவுக்கும் அதில் உடன்பாடுதான். "எனக்குச் சில்லறையே சரியாக் குடுக்கத் தெரியாதே, மச்சான்," என்றார்.

மூப்பர் கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றார். "எல்லாரும் முழங்கால்படியிடுங்க. கண்ணை மூடுங்க. சந்தேகம் இருக்கிறவங்க வெளிய போயிருங்க."

யாரும் வெளியே போகவில்லை. மகள் ஒரு கணம் எழப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கால்மாட்டிலேயே முழங்காலிட்டாள். அம்மா கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

மூப்பர் ஜெபத்தை மெதுவாகத்தான் தொடங்கினார். ஒரு மேலதிகாரி இன்னொரு மேலதிகாரிக்கு நிலுவையில் உள்ள கோப்பை நினைவூட்டுவதுபோல. போகப் போகக் குரல் ஏறியது. வியாதியைக் கடிந்துகொண்டார். மரணத்தை, அந்த நிமிஷமே அறையை விட்டு வெளியேறும்படி உத்தரவிட்டார். "இந்தக் கட்டில்!" என்று கத்தினார். "இந்தக் கட்டிலை விட்டு இப்பவே எழுந்திரி!"

வேகத்தில், மோதிரம் போட்ட கையால், கட்டிலின் இரும்புக் கம்பியை ஓங்கித் தட்டினார். இரண்டு தட்டு.

மகள் கண்ணைத் திறந்தாள். போர்வைக்கடியில் அப்பாவின் இடது கால் அசைந்தது. பாதம் மெதுவாக முன்னால் போய், கடைசி வரைக்கும் அமுங்கியது. மூச்சு ஒன்று வெளியே வந்தது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். பாதம் மெல்ல, ரொம்ப மெல்ல, பழையபடி மேலே வந்து நின்றது. பயணிகள் யாரும் குலுங்காமல் வண்டியை எடுப்பதில் அப்பாவுக்கு அந்த டிப்போவிலேயே பெயர் இருந்தது.

அவள் தலையைத் திருப்பினாள். மூலையில் விசில் மாமா கண்ணைத் திறந்துகொண்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது உள்ளங்கை காற்றில் பாதி தூக்கியபடி நின்றது, அந்த இரண்டு தட்டையும் தானே தட்டிவிட்டதுபோல.

மூப்பர் அதன் பிறகும் ஏழெட்டு நிமிஷம் ஜெபித்தார். போய்விட்ட மனிதருக்கு ஆயுளும் பெலனும் தடையில்லாத செரிமானமும் கேட்டார். ஆமென் சொல்லி, நெற்றி வியர்வையைத் துடைத்து, குனிந்து பார்த்தார்.

"பாத்தீங்களா? முகத்துல அமைதி வந்துருச்சு."

"ஐயா," என்றார் விசில் மாமா. "வண்டி போயிருச்சு, ஐயா."

மூப்பர் மூக்கருகே விரலை வைத்தார். மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டாவது மணிக்கட்டையும் பிடித்தார். முகத்தில் ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. மகளுக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. பிறகு அவர் நிமிர்ந்தார்.

"வீட்டுல யாரோ சந்தேகப்பட்டிருக்கீங்க," என்றார். சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார்.

அம்மா அப்போதுதான் தலையைத் தூக்கினாள். யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் நெற்றியைத் தடவி, "தம்ளர்ல தண்ணி அப்படியே இருக்கு," என்றாள்.

நாலு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. சபையிலிருந்து பெஞ்சுகள் வந்தன. பாட ஆட்கள் வந்தார்கள். சுவர் ஓரமாக நின்று பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதில், 'சந்தேகம்' என்ற சொல் இரண்டு முறை மகளின் காதில் விழுந்தது. அம்மா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். அப்பாவைக் குளிப்பாட்ட மகளை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டாள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்தார்கள். ஒருவர் தோளைத் துடைக்க, இன்னொருவர் முதுகைத் தாங்கினார். அப்பா கனமே இல்லாமல் இருந்தார்.

"அம்மா."

"ம்."

"நான்தாம்மா. மூணு நாளா, போயிட்டா நல்லதுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

அம்மா துணியை வாளியில் அலசினாள். "நீ நினைச்சா போயிருவாரா? ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்க நாலு மாசம் கெஞ்சினேன் அந்த மனுஷனை. போனாரா?"

மகளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் வேறாகிவிட்டது.

"தட்டு கேட்டுச்சு. போனார்," என்றாள் அம்மா.

"உனக்குக் கேட்டுச்சா?"

"கண்ணைத்தானே மூடச் சொன்னார். காதை மூடச் சொல்லலையே."

மகள் அப்பாவின் கையைத் துடைத்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன இடத்தைத் துணி தாண்டும்போது சரசரத்தது. "மூப்பர் போய் இப்படித் தட்டிட்டாரேம்மா. அவருக்கே தெரியாம."

"கைதான் அவரோடது," என்றாள் அம்மா.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா வாளியை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். எப்போது அழுதாள் என்று தெரியவில்லை.

"பதினோரு நாளா ஜெபத்துல நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். என் வாயால சொல்ல வைக்காதீங்க, நீங்களே சொல்லிடுங்கன்னு." அவள் பீரோவைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினாள். "மூப்பர்கிட்ட எதுவும் சொல்லிடாத. உங்க மாமாகிட்டயும் சொல்லி வை, அந்த ஆளுக்கு வாய் சும்மா இருக்காது. பாவம், மூப்பர் தாங்க மாட்டார்."

"சரிம்மா."

கைகளை நுழைப்பதுதான் சிரமமாக இருந்தது. ஒரு கையை மகள் மடக்கிப் பிடித்தாள். இன்னொன்றை அம்மா, பிள்ளைக்குப் போடுவதுபோல, தன் விரல்களை எதிர்ப்பக்கமாக விட்டு உள்ளே இழுத்துக்கொண்டாள். வெளியே பாட்டு நின்றிருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மூப்பர் யாரிடமோ, தனக்கு இது புதன்கிழமையே தெரியும் என்றும், குடும்பத்தார் மனம் உடைய வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை என்றும் விளக்கிக்கொண்டிருந்தார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கழுத்துப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

சட்டை பெரிதாக இருந்தது.