பந்து மட்டுமா, கிண்ணமுமா?

அக்கா தங்கை இருவரும் சேர்ந்து மூக்குக் கண்ணாடிக் கடை நடத்தினார்கள். சேர்ந்து என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். நடத்தியது பெரியவள், கூட இருந்தது சின்னவள். வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள், "உங்க முகத்துக்கு வட்டம் ஆகாது, சதுரம்தான்" என்று பெரியவள் ஃபிரேமை எடுத்து நீட்டிவிடுவாள். சின்னவள் துடைத்து உறையில் போட்டுக் கொடுப்பாள். வீட்டிலும் அதே கதை. எழுபது வயதாகியும் சின்னவளுக்கு அதில் ஒரு குறையும் தோன்றியதில்லை. முடிவெடுக்கிற தலைவலி இல்லாத வாழ்க்கை யாருக்குக் கசக்கும்?

அந்தப் பெரியவள் மேல்தட்டுப் பெட்டியை இறக்க ஸ்டூலில் ஏறி, கடைக்குள்ளேயே விழுந்தாள். சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை. இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்த சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில், தொடையெலும்பு இடுப்போடு சேருகிற கழுத்து முறிந்திருக்கிறது என்றார்கள். அதைவிடப் பெரிய இடி மறுநாள் காலையில் விழுந்தது. கட்டிலருகே போய் நின்ற தங்கையைப் பெரியவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு நீங்க? கடை சாத்தியாச்சு. நாளைக்கு வாங்க."

சின்னவள் டாக்டரைத் தேடி ஓடினாள்.

"வலி, மருந்து, புது இடம், எல்லாம் சேர்ந்தா வயசானவங்களுக்கு இப்படிக் குழப்பம் வரும்மா" என்றாள் எலும்பு டாக்டர். மகள் வயதுகூட இராது அவளுக்கு. "பெரும்பாலும் தெளிஞ்சுடும். ஆனா ஆபரேஷனைத் தள்ளிப் போட முடியாது. படுத்தே கிடந்தா நெஞ்சுச் சளி, ரத்தக்கட்டு, புண்ணுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும். அவங்களால இப்ப யோசிச்சுச் சொல்ல முடியாது. நீங்கதான் அவங்களுக்காகப் பேசணும்."

"நானா?"

டாக்டர் தன் அறைக்குக் கூட்டிப் போய், இழுப்பறையிலிருந்து இரண்டு சாமான்களை மேசைமேல் வைத்தாள். முதலாவது, நீண்ட காம்பின் நுனியில் பளபளவென்று ஓர் உலோகப் பந்து. இரண்டாவதில் பந்து சின்னதாக இருந்தது. அது உட்கார ஒரு கிண்ணமும் இருந்தது.

"இது பாதி மாத்தறது. பந்து மட்டும்தான் புதுசு, இடுப்பெலும்புல இருக்கற குழி அவங்களோடதே. சீக்கிரம் முடியும், ரத்தம் குறைவா போகும். நாளாவட்டத்துல குழி தேய்ஞ்சு வலி வரலாம். இந்த ரெண்டாவது, குழியையும் சேர்த்து முழுசா மாத்தறது. நல்லா நடமாடறவங்களுக்கு வருஷங்கள் போகப் போக இது கொஞ்சம் கூடுதலா ஒத்துழைக்கலாம். ஆனா நேரம் பிடிக்கும். ஏடாகூடமா குனிஞ்சா, திரும்பினா, பந்து கிண்ணத்தை விட்டு நழுவவும் வாய்ப்பு அதிகம்."

"நழுவினா?"

"திரும்பவும் மயக்கம் குடுத்து உள்ளே தள்ளணும்."

சின்னவள் காம்பைக் கையில் எடுத்தாள். நினைத்ததைவிடக் கனத்தது. இது அக்காவின் எலும்புக்குள் இறங்கும் என்று எண்ணியதும் மெல்லக் கீழே வைத்துவிட்டாள்.

"எது நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்களேன் டாக்டர்."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி அவங்களைப் பத்தித் தெரியணும். விழறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?"

"நல்லா நடப்பா. பஸ்ஸே ஏற மாட்டா."

"ஞாபகமெல்லாம்?"

ஒரு வருஷமாக நடப்பது சின்னவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுத்தனுப்பியது; அடுப்பை மறந்தது; ஒருமுறை பூட்டிய கடை வாசலில் நின்று, "இது யாரு கடைடி?" என்று கேட்டது. எல்லாவற்றையும் சத்தமில்லாமல் சரிசெய்து மூடி மறைத்து வந்திருந்தாள். சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டாலோ, நேற்று ராத்திரி கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்த அக்கா நாளைக்கும் இறங்கப் பார்ப்பாள்.

"இப்ப வந்த குழப்பம் இல்ல டாக்டர்" என்றாள். "ஒரு வருஷமாவே இருக்கு."

டாக்டர் கிண்ணம் உள்ளதை எடுத்து ஓரமாக நகர்த்தினாள். "நல்ல வேளை சொன்னீங்க. குனியாதே, திரும்பாதேன்னு சொன்னா அவங்களுக்கு ஞாபகம் நிக்காது, அப்ப பாதியே போதும். எலும்புக்கான சிமென்ட் வெச்சுப் பதிச்சா உறுதியா நிக்கும், அவங்க எலும்பு மெலிசு. சிமென்ட் வைக்கற நேரத்துல மட்டும் அபூர்வமா பிரஷர் சடார்னு இறங்கும். அதையும் மறைக்காம சொல்லிடறேன். தயாரா இருப்போம்."

அந்தக் கடைசி வார்த்தைகளை மடியில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு சின்னவள் ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போய் வெகுநேரம் ஆகியிருந்தது. திடீரென்று கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு நர்ஸ் வெளியே ஓடினாள். மருந்துப் பெட்டியோடு திரும்பி ஓடிவந்தாள். சின்னவள் எழுந்து நின்றாள். 'சொல்லாமலே இருந்திருக்கலாம், நானே கொன்னுட்டேன்' என்று மனசு அடித்துக்கொண்டது.

மயக்க டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்தார். "பிரஷர் இறங்கித்தான் போச்சு. இழுத்துப் பிடிச்சுட்டோம். இப்ப நல்லா இருக்காங்க. உக்காருங்கம்மா, நீங்க விழுந்துடுவீங்க போலருக்கே."

நாலைந்து நாளில் பெரியவளுக்குப் புத்தி தெளிந்தது. தெளிந்த கையோடு விசாரணை ஆரம்பித்தது.

"முழுசா மாத்தறதும் உண்டாமே, நர்ஸ் சொன்னா. எனக்கு ஏன் பாதி?"

"நான்தான்கா… மறதியைப் பத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"என் மண்டையைப் பத்தி ஊருக்கெல்லாம் தமுக்கடிச்சியா?" பெரியவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பாடு ஊட்டப் போன கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் நடைப் பயிற்சி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பெரியவள் நடந்ததைப் பார்த்து, பயிற்சி கொடுப்பவரே "அடேயப்பா!" என்றார். வலி பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது. பந்து அதன் இடத்தில் அசையாமல் நின்றது. தாழ்வாரத்தின் கோடி வரைக்கும் போய், வாக்கரைத் திருப்பி, அங்கேயே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவுகள்.

பின்னால் நடந்துவந்த தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்களில் இருந்த பீதியைச் சின்னவள் இதற்குமுன் ஒருநாளும் கண்டதில்லை.

"எந்தப் பக்கம்டி?" என்றாள் பெரியவள், யாருக்கும் கேட்காதபடி.

இனிமேல் எல்லாவற்றுக்கும் இவள் தன்னைத்தான் பார்ப்பாள் என்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்தப் பக்கம்கா" என்றாள். "மெதுவா வா. நான் இருக்கேன்."