எல்லாம் காலாக்கும்

...மூக்கைப் பொத்தினால் தீர்ந்தது, கடியப்பட்டணத்துக் கடற்கரையில் பிறந்தவள் இறாலுக்கு முகம் சுளித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று மாமிக்குத் தெரியும், அதனால்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உரிக்கிறேன், தலையைத் திருகினால் விரலெல்லாம் மஞ்சளாய் வழுக்குகிறது, சீ, வாயில் உப்புநீர் ஊறுகிறது... நாள் தள்ளிப்போயிருப்பதை யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம் சொல்லவே மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம், என் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்து இறாலின் கால்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி அட்டையில் வரிசையாய் ஒட்டுகிறார். "பாரு லீமா, பண்டு ஒடம்புல எல்லாக் கண்டத்துக்கும் ஒரேபோல காலுதான். முன்னால உள்ளது மீசையாச்சு, அடுத்தது தாடையாச்சு, வயித்துல உள்ளது துடுப்பாச்சு. எல்லாம் காலாக்கும்." காலால் மெல்லுகிற சென்மம், இதையா இத்தனை நாள் ருசித்துத் தின்றேன், குமட்டிக்கொண்டு வருகிறது... இறாலைவிட இவர்தான் குமட்டுகிறார், பூதக்கண்ணாடியோடு குனிகிற அந்தக் குனிவு. போன ஆடியில் மூன்றாம் மாதத்தில் எனக்குக் கலைந்தபோதும் சட்டியில் கிடந்ததை இப்படித்தான் குனிந்து பார்த்தார், கை முளைத்திருக்கிறதா, கால் முளைத்திருக்கிறதா என்று தேடுவதுபோல. என் பக்கம் திரும்பவே இல்லை. அதுவும் இவருக்கு ஓர் இறால்தானே? இப்போது என் வயிற்றில் கண்டம் கண்டமாய் எது எதுவாக மாறிக்கொண்டிருக்கிறதோ, அதை இந்தக் கண்ணுக்குக் காட்டுவேனா?

மாமி வெளியிலிருந்து வந்து அடுக்களை வாசலிலேயே நின்றாள். "கேட்டியா ததேயுஸே, அடுத்த வீட்டு கிளீட்டஸுக்க பெஞ்சாதிக்கு காலையில குறைப்பிள்ள. லேசா துடிச்சுதாம். உசிரு அடங்குமுன்ன ஊத்தணும்லா, சாமியாரக் கூப்பிட எங்க நேரம், அப்பனே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்து பேரும் வச்சுட்டான்." இவர் கையிலிருந்த கால் அட்டையில் கோணலாய் ஒட்டிக்கொண்டது, அதைச் சரிசெய்யவுமில்லை. "ஏட்டி லீமா, உனக்கென்ன, மொகம் வெளிறிக் கெடக்கு?" "ஒண்ணுமில்ல மாமி, வெயிலு." வெயிலா, இந்த அடுக்களையிலா... போன ஆடியில் இவர் கையில் ஒரு செம்பு இருந்தது. எனக்குக் குடிக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நாக்கு வறண்டு பார்த்துக்கொண்டே கிடந்தேன், தரவில்லை, அந்த ஆத்திரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன், அதன்பிறகு அவர் என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லையே... செம்பு சட்டியின் மேல் சாய்ந்ததா, உதடு அசைந்ததா, அவர் தேடியது கையையும் காலையும் இல்லையா, துடிப்பையா? வாயைப் பொத்தக் கையெடுத்தால் கை முழுக்க இறால் நாற்றம், மாமி பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அப்படியானால் அதற்கு ஒரு பேர் இருக்கிறது. என்ன பேர் என்று இவரிடம் நான் எப்படிக் கேட்பேன்?