ஆயில் திரும்பும் குழாய்

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் பாதி மடங்கியபடியே இறுகியிருந்தன. பிரித்துப் பிரித்துத் துடைக்க வேண்டியிருந்தது. கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. பழைய பல் பிரஷ்ஷில் சலவைத் தூளைத் தொட்டுத் தேய்த்தாள். நுரை சாம்பல் நிறத்தில் வழிந்து பாயில் இறங்கியது.

"போதும்மா. வண்டிக்காரர் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டார்" என்றார் அவளுடைய அண்ணன், கதவருகே நின்றபடி.

"இருங்கண்ணா. இந்தக் கை மட்டும்."

"அது போகாதும்மா. தோலுக்குள்ளயே ஏறிப்போன ஆயில்."

அவள் நிமிரவில்லை. இந்தக் கையை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. உள்ளங்கையில் காய்ப்பு எங்கெங்கே இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. காலையில் விமானத்தில் வந்து இறங்கிய மகள் பின்னால் வந்து தோளைத் தொட்டாள். "அம்மா, விடும்மா. அப்பா கை எப்பவும் இப்படித்தானே இருக்கும்." அதைக் கேட்ட பிறகுதான் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமான கட்டடங்களின் நடுவே கிணறுபோல் இறங்கும் இருட்டில், கம்பிகளுக்கும் கப்பிகளுக்கும் நடுவே ஒற்றை ஆளாக நின்று வேலை பார்த்தவர். அங்கே பேசுவதற்கு யாரும் கிடையாது. அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவளோ ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். முகம் தெரியாத ஆட்களோடு நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவள். வீட்டுக்கு ஒருத்தர் பேசினால் போதும் என்று கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். மகள் இருந்தவரைக்கும் அந்த வேடிக்கை செல்லுபடியானது. மகள் வெளியூர் போய், இவளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவள் பேச்சுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு "ம்". அது கேட்கிறேன் என்பதற்கா, சரி என்பதற்கா, போதும் என்பதற்கா என்று பிரித்துச் சொல்ல அவளுக்கே தெரியாது.

வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. அவர்களிடம் இருந்தது ஒரு சின்ன பெட்ரோல் கார். இரண்டு பேர் உட்கார்ந்தால் முனகிக்கொண்டே ஏறிவிடும். ஒரு முறை அண்ணன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தபோது பாதி மேட்டில் திணறி நின்றுவிட்டது. அண்ணன் கதவைத் திறந்து இறங்கி, "நான் நடந்தே வந்துடறேன் மாப்ள. உங்க வண்டிக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. அடுத்த வாரம் பழைய இரும்புக் கடையிலிருந்து நத்தைக்கூடு போன்ற ஒரு கனத்த சாமானைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார்.

"என்னங்க இது?"

"டர்போ."

"அப்படின்னா?"

அன்று அவர் பேசினார். சாப்பாட்டு மேஜையில் தண்ணீரைத் தொட்டு விரலால் படம் போட்டுக் காட்டினார். "சைலன்சர் வழியா வெளிய போற புகை சும்மாதானே போகுது? அது போற வழியில ஒரு சக்கரத்தை வைக்கறோம். புகை அதைச் சுத்திவிடும். அதே தண்டுல இந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்தை இழுத்து இஞ்சினுக்குள்ள அமுக்கும். காத்து ஜாஸ்தி போச்சுன்னா பெட்ரோலும் ஜாஸ்தி எரியும். மேட்டுல மூச்சு வாங்காது."

"அப்போ விட்ட மூச்சையே திருப்பி இழுக்குதா?"

"அய்ய, அந்தக் காத்து வேற, இந்தக் காத்து வேற. ரெண்டும் பாத்துக்கவே பாத்துக்காது."

புரிந்த பிறகும் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். மேஜையில் தண்ணீர்ப் படம் காய்ந்துபோகும்வரை அவரும் பதில் சொன்னார். இனி இப்படித்தான் இருக்கும்போல என்று அன்றிரவு படுக்கும்போது நினைத்தாள்.

மறுநாள் காரைக் கொட்டகைக்குள் கட்டைகள்மேல் ஏற்றி பானட்டைத் திறந்தவர், அதற்குப் பிறகு அங்கேயே இருந்தார். மாதங்கள் போயின. மேடு ஏறுவதற்காகப் பிரித்துப் போட்ட கார் நகராமல் நிற்க, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்து ஏறினாள். எப்போது கேட்டாலும் "அடுத்த வாரம்" என்பார். டர்போவை இஞ்சினோடு சேர்க்கும் இரும்புத் துண்டுகளைக் கடைந்து தரும் லேத்துக்காரர் வந்தால் கொட்டகையிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கும். அவள் டீ எடுத்துக்கொண்டு போனதும் நின்றுவிடும். "அண்ணி, இது மட்டும் ஓடட்டும், மேட்டுல நீங்க டம்ளர் நெறையத் தண்ணியோட சிந்தாம உக்காந்து வரலாம்" என்று லேத்துக்காரர்தான் ஏதாவது சொல்வார். டம்ளரை வாங்கும்போது அவர் ஒரு "ம்" சொல்வார்.

நேற்றுச் சாயங்காலம் டீயோடு போனபோது காருக்கு அடியிலிருந்து அவருடைய கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சின்னச் சக்கரங்கள் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே போயிருந்தார். எப்போதும் பார்க்கிற காட்சிதான். டம்ளரைப் பட்டறை மேஜையில் வைத்துவிட்டு, கவிழ்த்துப்போட்ட பெயின்ட் வாளியில் உட்கார்ந்தாள். முகம் தெரியாத ஆளிடம் பேசுவது அவளுக்கு எப்போதும் சுலபம்.

"என்னங்க, நான் பொண்ணுகிட்ட போறேன்."

கால்கள் அப்படியே இருந்தன.

"இருந்துட்டு வர்றதுக்கு இல்ல. அங்கேயே இருந்துடலாம்னு. அவகிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். உங்க மேல குத்தம் சொல்லலைங்க. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினது கிடையாது. ஆனா நான் பேசி யாராவது பதில் சொல்லி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? நேத்து ஒரு ராங் நம்பர் வந்துது. அந்த ஆளை வைக்கவிடாம ஊர் எது, என்ன வேலைன்னு கேட்டுட்டே இருந்தேன். வச்சதுக்கப்புறம் எனக்கே வெக்கமாப் போச்சு."

அந்த "ம்" கூட வரவில்லை. இன்னும் என்னென்னவோ சொன்னாள். கடைசியில், "இதுக்குக்கூட உங்களுக்கு வாயைத் திறக்கத் தோணலல்ல?" என்று எழுந்து, "டீ ஆறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இருட்டின பிறகும் கொட்டகையில் விளக்கு எரியாததைப் பார்த்துத்தான் மறுபடி போனாள். டம்ளர் வைத்தபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரிடம், எப்போது நடந்திருக்கும் என்று கேட்டாள். "அதைச் சரியாச் சொல்ல முடியாதும்மா. ஹார்ட் அப்படியே நின்னிருக்கு. நீங்க டீ கொண்டு போறதுக்கு முன்னாடியே கூட இருக்கலாம்" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முன்னாடியே போய்விட்டார். நான் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை. ராத்திரி முழுக்க இதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணனிடமும் மகளிடமும், "டீயை வச்சுட்டு வந்துட்டேன், வேலையா இருக்கார்னு நெனச்சேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. அண்ணன் தன் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மகள் பால் காய்ச்சினாள். கொட்டகையில் ஏதோ சத்தம் கேட்டு அவள் போய்ப் பார்த்தாள். லேத்துக்காரர் இஞ்சினில் திறந்து கிடந்த துவாரங்களை பிளாஸ்டிக் காகிதத்தால் மூடி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது.

"தூசி போயிடக் கூடாது அண்ணி. ஒரு துளி மண்ணு போனாலும் டர்போ சக்கரம் போச்சு. அதான்..." என்றார். இன்னொரு ரப்பர் பேண்டை மாட்டியபடி, "நேத்து சாயங்காலம் எனக்கு போன் பண்ணார்" என்றார்.

"எப்போ?"

"நீங்க டீ எடுத்துட்டு வந்தீங்களே, அப்பதான். பேசிட்டே இருந்தவர், 'அவ வர்றா, அப்புறம் பேசறேன்'னு வச்சுட்டார். கடைசியா அவர் வாயில வந்தது உங்களைப் பத்தித்தான் அண்ணி." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். ஒரு ஆறுதலா இருக்கும்னு."



"என்ன பேசினார்?"

"குழாயைப் பத்திதான். டர்போவுக்குப் போற ஆயில் திரும்பக் கீழ எறங்கணும். அதுக்கு ஒரு குழாய். அதோட வளைவு சரியாவே அமையல, நாலஞ்சு தடவை மாத்திக் குடுத்தேன். நேத்துக் குடுத்தது எப்படி இருக்குன்னு கேட்டேன். 'இன்னும் கையிலதான் வச்சிருக்கேன், இனிமேதான் மாட்டிப் பாக்கணும்'னார்." சொல்லிக்கொண்டே டார்ச்சை எடுத்துக்கொண்டு பலகையில் படுத்து உள்ளே நகர்ந்தார். டார்ச் வெளிச்சம் இஞ்சின் அடியில் அங்குமிங்கும் அலைந்தது. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி! மாட்டிட்டார் அண்ணி! அப்படியே உக்காந்திருக்கு. ரெண்டு போல்ட்டும் நல்லா இறுக்கியிருக்கார்."

வெளியே வந்தவர் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தார். "மிச்சம் இருந்த வேலையை முடிச்சுட்டுத்தான் போயிருக்கார். யாருக்குக் கிடைக்கும் இப்படி?"

"அதை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"அந்த இடுக்குல கையே போகாது. ஒவ்வொரு சுத்துக்கும் ஸ்பேனரை எடுத்து எடுத்துப் போடணும். கால் மணி நேரமாவது ஆகும்."

"சத்தம் கேக்குமா?"

"ரிங் ஸ்பேனர்தானே? பொறுமையாப் போட்டா பக்கத்துல நின்னாக்கூடக் கேக்காது. அவர் பொறுமைக்குக் கேக்கணுமா?" அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் அண்ணி?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"நானே வந்து மிச்சத்தை முடிச்சு ஓட்டிக் காட்டறேன். உங்களை உக்கார வச்சு மேட்டுல ஒரு தடவை..." தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

சமையலறையில் மகள் இரண்டு டம்ளரில் பாலை ஊற்றி வைத்திருந்தாள். போனில் எதையோ தேடிக்கொண்டே, "அம்மா, நீ என்கூட வந்துடு. ரெண்டு பேருக்குமா டிக்கெட் பாக்கறேன். அப்பாவை விட்டுட்டு எப்படி வர்றதுன்னுதானே எப்பவும் சொல்லுவே? இனிமே இங்க தனியா உக்காந்து யார்கூடப் பேசப்போறே?" என்றாள்.

"பாலைக் குடி. அலைஞ்சு வந்திருக்கே."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

"குடி, வர்றேன்" என்று அவள் எழுந்து வெளியே வந்தாள்.

கொட்டகையில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பலகையை இழுத்துப் பார்த்தாள். சுலபமாக உருண்டது. புடவையை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தாள், பிறகு மெல்ல மல்லாந்தாள். குதிகாலை ஊன்றித் தள்ளியதும் பலகை அவளை உள்ளே கொண்டுபோய் நிறுத்தியது. முகத்துக்கு நேர்மேலே இஞ்சினின் அடிப்பக்கம் கறுத்துத் தொங்கியது. அதற்கு நடுவே புதிதாக ஒரு குழாய், கடைந்த பளபளப்பு மாறாமல், அழகாக வளைந்து இறங்கியது. இடுக்குக்குள் கையை விட்டுத் தடவி முதல் போல்ட்டைக் கண்டுபிடித்தாள். அப்புறம் அடுத்ததை. விரலால் திருகிப் பார்த்தாள். இரண்டும் அசையவில்லை.

சமையலறையில் மகள் டம்ளரைக் கழுவுவது கேட்டது. குழாயை மூடுவது கேட்டது. யாரிடமோ போனில் தாழ்ந்த குரலில், "இல்ல, அம்மா அழவே இல்ல, அதான் பயமா இருக்கு" என்று சொல்வது, ஒவ்வொரு வார்த்தையும், பக்கத்தில் நின்று சொல்வதுபோல் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் முற்றத்தைக் கடந்து வந்து கொட்டகை வாசலில் நின்றது.

"அம்மா? இங்கயா இருக்கே? லைட்டைப் போடட்டுமா?"

அவள் போல்ட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. வெளிச்சம் தரையோடு தவழ்ந்து காருக்கு அடியில் நுழைந்து, அவள் இடுப்புவரை வந்து நின்றது.