அளவு ஜாக்கெட்டு

புத்தி கெட்டவ நானு. அதுல சந்தேகமே வேணாம்.

செஞ்சியில திண்டிவனம் ரோட்டு மேல எங்க வீடு. முன்ரூம்ல உக்காந்து ஆரி ஒர்க் போடறேன். கல்யாண ஜாக்கெட்டு, முதுகுல மயிலு, ரெண்டு கையிலயும் பொண்ணு மாப்ள பேரு. போர்டு வச்சப்ப ஒரு ஈ காக்கா வரல. வீடியோ போட ஆரம்பிச்சப்புறம் வேலூர்ல இருந்துகூட கேக்கறாங்க. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. அளவுக்குக் குடுத்த பழைய ஜாக்கெட்ட ஜன்னலோரம் விரிப்பேன், ஒரு சொடக்கு, அதே எடத்துல புதுசு. பத்தே செகண்டு. ஜனங்களுக்கு அந்தச் சொடக்குதான் புடிக்குது.

தொண்டூர் வெண்மதி ஜாக்கெட்டையும் அப்படித்தான் எடுத்தேன். அந்தப் பொண்ணு வீட்டுக்குத் தெரியாம கட்டிக்கப் போவுது. திங்கக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ். பையன் பேரு காஸ்பர், வேற ஆளுங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதக்கான்னு என் கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. நானும் விடலியே. பேரு தெரியக் கூடாதுன்னு ரெண்டு கையையும் உள்ள மடிச்சு வச்சுதான் எடுத்தேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

காலையில போட்டேன். பதினோரு மணிக்கு அது போன் பண்ணி அழுவுது.

"அக்கா, அளவுக்குக் குடுத்தேனே அந்தப் பச்ச ஜாக்கெட்டு. அக்குள்ல எங்கம்மா ஆரஞ்சுத் துணியில ஒட்டுப் போட்டது. எங்கண்ணன் பாத்துட்டான். இது உன்னுது தானேன்னு கேக்கறான்."

புதுச மறைக்கத் தெரிஞ்சவளுக்குப் பழச மறைக்கத் தெரியல பாரு. போன வருசம் அவங்க பெரியப்பா பொண்ணு இப்படித்தான் ஒருத்தனோட போச்சு. அம்மா சாவக் கெடக்குதுன்னு பொய் சொல்லி ஒரே வாரத்துல கூட்டியாந்துட்டாங்க. அப்புறம் அந்தப் பொண்ண யாரும் பாக்கல. எங்கன்னு கேட்டா, அப்படி ஒருத்தி எங்க வீட்டுல இல்லவே இல்லன்றாங்க. மாதாவே, இந்தப் பொண்ணுக்கும் அதேதானா? ஒடனே வீடியோவ அழிச்சேன்.

ஒரு மணிக்கு வாசல்ல வந்து நின்னது ஜெயக்கொடியக்கா. வெண்மதியோட அம்மா. பஸ்ஸுல எறங்கி ஓடியாந்திருக்குது, மூச்சு வாங்குது.

"வீடியோவ ஏன் அழிச்ச? என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு, ரெண்டு பேருக்கும் ஒரே அளவுன்னு வெண்மதியுத அளவு குடுத்தேன்னு சொல்லி அவ அண்ணன் குருவ ஒருமாதிரி நம்ப வச்சிருந்தேன். அழிச்சதும் சந்தேகம் வந்துடுச்சு. வல்லத்துலேர்ந்து வண்டிய எடுத்துட்டான்."

போட்டதும் தப்பு, அழிச்சது அத விடத் தப்பு. என் நாசமாப் போன வேகம். புது ஜாக்கெட்டக் காட்டச் சொல்லுச்சு. காட்டினேன். ரெண்டு கையையும் விரிச்சு, எழுத்துக் கூட்டிப் படிச்சுது. கிழிச்சு மூஞ்சியில வீசப் போவுதுன்னு ஒதுங்கி நின்னேன்.

"பேரப் பிரிச்சுடு," அவ்வளவுதான் சொல்லுச்சு.

ஆரித் தையல் சங்கிலி மாதிரி. கடசி முடிச்ச அறுத்து இழுத்தா சரசரன்னு வந்துடும். வெண்மதிய எடுத்துட்டேன். காஸ்பர்ல பாதி வர்றதுக்குள்ள வெளிய வண்டி நின்ன சத்தம். அக்கா ஜாக்கெட்டப் புடுங்கி, மிச்சம் இருந்த எழுத்த உள்ளங்கையில கசக்கிப் புடிச்சு, நெஞ்சோட சேத்து வச்சுக்கிச்சு. வீடியோ எடுன்னுச்சு.

எடுத்தேன். அக்கா சிரிச்ச மொகமா, தங்கச்சி பொண்ணு கல்யாண ஜாக்கெட்டு, செஞ்சியில ரீட்டா போட்டுக் குடுத்துதுன்னு பேசுது. குரு வாசப்படியில நின்னு பாக்கறான். வீடியோவ ஏன் அழிச்சீங்கன்னு என்னக் கேட்டான்.

எங்கிருந்துதான் வாய் வந்துச்சோ. ஒட்டுப் போட்ட ஜாக்கெட்ட ஊருக்கே காட்டி மானத்த வாங்கிட்டியேன்னு உங்கம்மா போன்லயே சண்டைக்கு வந்துட்டாங்க, அதான்னேன்.

அவன் அம்மா மொகத்தையே பாத்தான். அப்புறம் ஜாக்கெட்டுக்குக் கைய நீட்டினான். வேர்வக் கையோட பட்டத் தொடாதடான்னு அக்கா அதட்டுச்சு. நீட்டின கை அப்படியே நின்னுச்சு. கடசியா, சரி சரின்னு சட்டையில கையத் தொடச்சுக்கிட்டுப் போனான்.

வண்டிச் சத்தம் போற வரைக்கும் அக்கா அந்தக் கையத் தொறக்கல. தொறந்தப்ப ஜரிக குத்தி உள்ளங்கை செவந்திருந்துச்சு.

"பேர மறுபடியும் போட முடியுமா?"

முடியும், ஆனா பிரிச்ச எடத்துல ஊசி ஓட்ட தெரியும்க்கான்னேன்.

"அதே ஓட்டையில போடு. திங்கக்கிழமைக்குள்ள குடுத்துடு. குடுக்கும்போது அவகிட்ட சொல்லு, போனவ போனவளாவே இருக்கட்டும். நான் செத்தேன்னு சேதி வந்தாக்கூட வர வேணாம்."