நாத்தனாருக்கு ஊர் சுற்றிக் காட்டியது

“கடலைப் பாத்துக்கிட்டே இருந்தா வயிறு நிறைஞ்சிடுமா?”

அவள் கல்யாணமாகி இந்தத் துறைமுக ஊருக்குக் குடிவந்த புதிதில் நாத்தனார் போனில் கேட்ட கேள்வி அது. “ஒரு தடவை வந்து பாருங்க அண்ணி, அப்புறம் திரும்பிப் போக மனசே வராது” என்று அவள் சிரித்துச் சமாளித்தாள். அப்போது வராத நாத்தனார் இப்போது வந்துவிட்டார். ஊர் பார்க்க அல்ல. தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு போக.

மலைப்பக்கத்தில் அவர்களுக்கு ஒரு இரும்புக்கடை. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு நாத்தனார்தான் ஒற்றை மாடாகக் கடையை இழுத்துக்கொண்டிருந்தார். “அவன் வாயில்லாப் பூச்சி. ஊரான் கப்பலுக்குக் கயிறு இழுத்துக்கிட்டு எவன்கிட்டயோ கைகட்டி நிக்கணுமா? சொந்தக் கடையில வந்து உக்காரட்டும். ஏமாத்தாம பாத்துக்க நான் இருக்கேன்” என்று வந்த இரவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவள் கணவனுக்கோ அக்காவைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, “இன்னைக்குப் பெரிய கப்பல் உள்ளே வருது. நீ பாத்துக்க” என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தான்.

“எதைப் பாத்துக்க? கப்பலையா, உங்க அக்காவையா?”

பதில் சொல்ல ஆள் இல்லை. படியிறங்கிப் போயிருந்தான்.

அவள் கலங்கவில்லை. பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. ஒலிபெருக்கி என்ற அவள் பட்டப்பெயரைச் சொல்லிக் கேட்டால் துறைமுகத்தில் சுண்டெலிகூட அவள் வீட்டுக்கு வழி சொல்லும். கடல் மயக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்குகிறவர்களைக்கூட மாலைக்குள் பல்லைக் காட்ட வைத்துவிடுவாள். ஒரு நாத்தனாரை மயக்க முடியாதா? ஊர் பிடித்துவிட்டால் கோபம் பாதி இறங்கும். மீதியைப் பேசிக் கரைத்துவிடலாம்.

“கிளம்புங்க அண்ணி. ஊரைப் பாக்காம ஊரைத் திட்டக் கூடாது.”

பழைய சுங்கச்சாவடியில் ஆரம்பித்தாள். எந்தக் கப்பல் என்ன சரக்கைக் கொட்டியது, எந்த அதிகாரி எந்தத் தூணுக்குப் பின்னால் நின்று கைநீட்டினான் என்றெல்லாம் அவிழ்த்துவிட்டாள். வழிகாட்டிகளின் வழக்கப்படி, நாத்தனாரைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்தாள். வாய் ஓயவில்லை, கால் ஒரு கல்லில்கூட இடறவில்லை. கோட்டைவாசல் திருப்பத்தில் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி, “எல்லாரும் வந்தாச்சா? யாரும் பின்தங்கலையே?” என்று கேட்டும் விட்டாள்.

“நான் ஒருத்திதான் வந்திருக்கேன்” என்றார் நாத்தனார். “முதல்ல நேரா நடம்மா. உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது.”

கோட்டைச் சுவரில் வாயைப் பிளந்து கிடந்த பீரங்கிகளை நாத்தனார் தட்டிப் பார்த்தார். “நல்ல வார்ப்பு. இப்ப எடைக்குப் போட்டாலும் எடுப்பானுங்க.” மாலுமிகளின் கல்லறைத் தோட்டத்தில், பெயர் அழிந்த ஒரு கல்லில் படிந்த மணலைக் கையால் துடைத்துவிட்டார். கலங்கரை விளக்கத்தின் சுழற்படியில் மூச்சு வாங்க, “உங்க ஊர்ல கீழேயே எதுவும் பாக்க முடியாதா?” என்று முனகினார். ஆனால் உச்சியில் காற்று முகத்தில் அடித்து, மூன்று பக்கமும் கடல் விரிந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவள் உள்ளுக்குள் துள்ளினாள். இந்த இடத்தில் மசியாதவர் இதுவரை பிறக்கவில்லை.

“எப்படி அண்ணி?”

“அழகாத்தான் இருக்கு. இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிடும்.” நாத்தனார் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆனா இதெல்லாம் சாயங்காலம் வண்டி ஏறிப் போறவங்களுக்குக் காட்டுறது. பாத்தேன், சந்தோஷம், நானும் ஏறிப் போறேன். என் தம்பியும் என்கூட வரட்டும். நீ காட்டினதுல அவன் எங்கேம்மா இருக்கான்?”

ஒலிபெருக்கிக்கு முதன்முறையாக மின்சாரம் போனது. உண்மைதான். வந்தவர்களைச் சந்தோஷமாகத் திருப்பி அனுப்புவதற்காகவே இழைத்து இழைத்துச் செய்த பாதை அது. தங்குகிறவனுக்கு அதில் இடமே வைக்கவில்லை. கணவன் வேலை செய்யும் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தை அவள் எந்தப் பயணிக்கும் காட்டியதில்லை. துரு, வண்ணப்பூச்சின் நெடி, காது கிழியும் சம்மட்டிச் சத்தம். யார் காசு கொடுத்து அதைப் பார்ப்பார்கள்?

“இன்னும் ஒரு இடம் இருக்கு. வாங்க” என்றாள். இந்த முறை முன்னால் பார்த்தே நடந்தாள்.

தளத்துக்குப் பக்கவாட்டில் ஒரு இரும்பு நடைபாலம். அதன்மேல் ஏறி நின்றார்கள். கீழே நீண்ட பள்ளம் நிறையக் கடல்நீர். ஒரு சரக்குக் கப்பல், வீதிக்குள் வீடு ஒன்று நகர்ந்து வருவதுபோல் அதற்குள் வந்துகொண்டிருந்தது. இரண்டு கரையிலும் ஆட்கள் வரிசையாகக் கயிறு பிடித்து நின்றார்கள். கப்பல் நட்டநடுவில் நிற்க வேண்டும்; பிறகுதான் தண்ணீரை இறைத்துக் காலிசெய்வார்கள். கொஞ்சம் விலகி நின்றாலும் அடியில் இருக்கும் கட்டைகளில் சரியாக உட்காராமல் சாய்ந்துவிடும்.

“சட்டுனு இழுங்கப்பா! இப்படி நின்னா பொழுது போயிடும்!” என்று கப்பலின் மேல்தட்டிலிருந்து ஒருவர் கத்தினார்.

“கயிறுல யாரும் கை வைக்காதீங்க!”

பள்ளத்தின் தலைமாட்டிலிருந்து வந்த குரலில் இரண்டு கரையும் கல்லாய் நின்றது. சம்மட்டிகூட ஓய்ந்தது.

“மேல இருக்கிறவங்க கொஞ்சம் வாயை மூடுங்க. நான் சொல்லாம இங்க ஒண்ணும் நகராது. இடது கரை, விடு. இன்னும் விடு. போதும்! வலது கரை மாமா, என்ன தூக்கமா? வீட்ல அத்தை விட்ட குறட்டையில ராத்திரி கண் மூடலையா?”

கரை முழுவதும் சிரிப்பு. மாமா என்ற அந்தக் கிழட்டு ஆள் சிரித்தபடியே இழுத்தார். கப்பலின் மூக்கு மெல்லத் திரும்பியது.

“யார் அது?” என்று கேட்டார் நாத்தனார். கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, பாலத்தின் விளிம்புவரை போய்விட்டார்.

“உங்க தம்பிதான் அண்ணி.”

இந்தத் தளம் எந்தக் காலத்தில் தோண்டியது, எத்தனை பேர் கல் சுமந்தார்கள் என்பதெல்லாம் அவள் நுனிநாக்கில் வரிசைகட்டி நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

கீழே அவன் கையை உயர்த்தினான், எல்லோரும் இழுத்தார்கள். கையை மடக்கினான், எல்லோரும் நிறுத்தினார்கள். அத்தனை பெரிய இரும்பு அவன் சொன்ன இடத்தில் வந்து அடங்கி நின்றது. அவன் மேலே பார்க்கவே இல்லை. பார்க்க நேரமும் இல்லை.

நாத்தனார் கம்பியைப் பிடித்துக் குனிந்து அவனையே பார்த்தார். கடையில், தராசுக்குப் பின்னால், வாடிக்கையாளர் கேட்டதற்கு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்ன தம்பியை அவர் தேடியிருக்க வேண்டும். கம்பியில் அவர் பிடி இறுகியது, பிறகு தளர்ந்தது.

“கீழே இறங்கினதும் அவரைக் கூப்பிடட்டுமா அண்ணி?”

நாத்தனார் தலையை மட்டும் அசைத்தார், வேண்டாம் என்று. முந்தானையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்தார். அவள் கன்னத்தைத் தட்டினார். கொஞ்சம் பலமாகவே பட்டது. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாலத்தின் படிகளில் இறங்கி, பஸ் நிலையத்துக்குப் போகும் சாலையில் தனியாக நடந்து போனார்.