பிடுங்கி வைத்த ஃபியூஸ்

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் லாப்லாந்து ஆம்பிளைகளுக்கு ஒரு திமிர் உண்டு. முதல் பனி விழுந்ததும் காரின் ஏ.பி.எஸ். என்ற பிரேக் கருவியின் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவோம். அது இருந்தால் புதுப்பனியில் பிரேக்கை மிதிக்கும்போது பெடல் தடதடவென்று உதறும். சக்கரத்தை இறுக விடாது. வண்டி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பிடுங்கிவிட்டால் சக்கரம் இறுகி, முன்னால் பனியைக் குவித்துக்கொண்டு சீக்கிரம் நிற்கும். என்ன, இறுகிய சக்கரம் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காது. திரும்ப வேண்டுமென்றால் விட்டு விட்டு மிதிக்க வேண்டும். வருடாந்தர வண்டிச் சோதனை நாளில் மட்டும் நல்ல பிள்ளைகளாகத் திரும்பச் செருகிவிடுவோம்.

ஃபியூஸைப் பிடுங்கியதும் என் காரில் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்து கண்ணை உறுத்தியது. அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் மனைவி துவோவி இருபத்தாறு வருஷம் தபால் வண்டி ஓட்டியவள். அந்த வண்டியில் ஏ.பி.எஸ். உண்டு. முழுதாக மிதி, காலை எடுக்காதே, திருப்பு. அவள் காலுக்குத் தெரிந்தது அதுதான். போன மாதம் ஒரு காலை அவள் வண்டி கிளம்பவில்லை. என் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். நான் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆற்று வளைவில் கலைமான் குறுக்கே வந்திருக்கிறது. வண்டி நேராகப் போய்ப் பைன் மரத்தில் மோதியது. அங்கேயே முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சால்மன் சூப் பரிமாறினார்கள். பக்கத்து வீட்டு ஓய்வா, துவோவி பயத்தில் விறைத்துப்போய் ஸ்டியரிங்கைத் தொட்டே இருக்க மாட்டாள், வயசாகிவிட்டதில்லையா என்று இழுத்தான். இரண்டு பேர் உச்சுக்கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மகள் சைமி என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அம்மா நெசமாவே திருப்பலியா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஃபியூஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. செத்தவள் வந்து சாட்சி சொல்லப்போவதும் இல்லை. பயந்தாங்கொள்ளி என்ற பேரோடு மண்ணுக்குள் கிடப்பாள், அவ்வளவுதான். ஆனால் நொறுங்கிய வண்டியை நான் போய்ப் பார்த்தவன். முன்சக்கரம் இரண்டும் இடப்பக்கம் கடைசிவரை திரும்பியிருந்தன.

"திருப்பியிருக்கா. முழுசாத் திருப்பியிருக்கா. வண்டிதான் கேக்கல. ஃபியூஸ நான் புடுங்கி வச்சிருந்தேன்."

டேப் ஒட்டியதையும் சொன்னேன். ஓய்வா தலையைக் குனிந்துகொண்டான். அவன் வண்டியிலும் அந்த ஃபியூஸ் கிடையாது.

சைமி கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்குக் காலைல அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா?"

சொல்லியிருக்கலாம். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எல்லோருக்கும் முன்னால் அழுதேன்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு அம்மாவின் குழிப் பக்கம் நடந்தாள். நானும் எழுந்தேன்.

நீங்க வராதீங்க என்றாள்.