செய்திக்குறிப்புக்காரி

மேயர் அலுவலகத்தில் சேர்ந்த செய்திக்குறிப்புக்காரி, பத்திரிகைகளுக்குக் கொடுத்த தன் முதல் குறிப்பில் மேயரை 'உயர்ந்த மனிதர்' என்று எழுதினாள். மறுநாள் காலை அது அச்சில் வந்தபோது மேயர் அரை அடி வளர்ந்திருந்தார். ஐம்பது வயதுவரை குள்ளமாகவே வாழ்ந்து பழகியவர், கணுக்காலுக்கு மேல் ஏறிய கால்சட்டையோடு அலுவலகம் வந்து நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் புதுத்துணி தைத்து வைத்திருப்பேனே என்று அவர் மனைவிதான் குறைப்பட்டாள்.

அதன்பின் அவள் தொழில் சூடுபிடித்தது. 'கூட்டம் அலைமோதும்' என்று அறிவித்த மாநாட்டிலிருந்து ஜனங்கள் இடுப்புவரை நனைந்து, சட்டையில் உப்புப் பூத்து வீடு திரும்பினார்கள். மேடைக்கடியில் சிப்பிகள் கிடந்தன. அலங்காரமில்லாத வெறும் வாக்கியங்கள் மட்டும் பலிக்கவில்லை. 'சாலை போடப்படும்' என்று எத்தனை முறை எழுதியும் ஒரு கூடை ஜல்லி வந்து விழவில்லை. அலங்காரம்தான் பலித்தது. 'எதிரணி மண்ணைக் கவ்வும்' என்று எழுதிய தேர்தலில், எதிரணித் தலைவரான ஓய்வுபெற்ற வாத்தியார் வாய் நிறைய மண்ணோடு நின்றார். அவள் தண்ணீர் பாட்டிலோடு ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டாள். வாத்தியார் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "அடுத்த தடவை கொஞ்சம் சலிச்சுக் குடும்மா" என்றார்.

அடுத்த தேர்தலில் போட்டி கடுமையாக இருந்தது. மேயரின் கட்சிச் செயலாளர் அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "'எதிரணி இருந்த இடம் தெரியாமல் போகும்'. இந்த ஒரு வரி போதும்" என்றார். அவள் பேனாவை மூடி வைத்தாள். எதிரணிக்குப் போஸ்டர் ஒட்டுகிறவர்களில் அவள் அத்தானும் ஒருவர். அக்காவும் பிள்ளைகளும் மின்கம்பமே நடாத ஒரு தெருவில் மெழுகுவர்த்தியோடு குடித்தனம் நடத்தினார்கள்.

"எங்க அத்தான் அங்கதான் இருக்காரு."

"அவருக்கு மட்டும் ஒரு அடைப்புக்குறி போட்டுடு."

"அந்த வாத்தியாரும் அங்கதான இருக்காரு. என்னால முடியாதுங்க. வேற ஆளப் பாருங்க."

செயலாளர் அவளை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்லி மேயரிடம் போனார். மேயர் குனிந்து அவள் அறைக்குள் வந்து, "வேற என்ன எழுதலாம், சொல்லு" என்று மட்டும் கேட்டார். 'இருண்ட வீடுகளில் ஒளியேற்றும் தலைவர்' என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் பொழுது சாயும்போது அக்கா வீட்டில் போய்க் காத்திருந்தாள். முதலில் கட்டிலுக்கடியிலும், பிறகு சாமான் டப்பாக்களுக்குள்ளும், பிறகு சுவர்கள் முழுக்கவும் வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். தெருவே வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றது. அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தான் பசைக் கையோடு, ஒப்புக்கொண்ட வேலை ஆயிற்றே என்று மிச்சமிருந்த எதிரணிப் போஸ்டர்களை அந்த வெளிச்சத்திலேயே ஒட்டி முடித்தார்.

மேயர் பெருவெற்றி பெற்றார். வாத்தியார் சுத்தமான வாயோடு தோற்று, முதல் ஆளாக வந்து வாழ்த்தினார். மறுவருடம் இரண்டு கட்சிகளும் அவளிடமே குறிப்பு எழுதக் கொடுத்தன. அவள் சொந்த அலுவலகம் திறந்தாள். அவள் தொழிலில் இருந்தவரை யாரும் காணாமல் போகவில்லை. மின்வாரிய ஊழியர் ஒருவர் அக்கா தெருவுக்கு வந்து வீடு வீடாக வயரைத் தேடி, கிடைக்காமல், 'கோளாறு இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். அக்காவுக்கு ஒரே ஒரு குறைதான்.

"எல்லாம் சரிடி, ஸ்விட்ச் எங்கன்னு ஒரு வரி சேர்த்திருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு, கண்ணுக்குமேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.